சோலையிலிருந்து எடுத்த மண்

அத்தாயிக்கு உட்காரத் தெரியாது என்று மலைமேல் வாழவந்தி நாட்டில் கேலி பேசுவார்கள். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் அவள் நின்றுகொண்டேதான் வருவாள். பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கும். "உக்காருங்கக்கா" என்று யாராவது நகர்ந்துகூட உட்காருவார்கள். "இருக்கட்டும் சாமி, உக்காந்தா எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வீட்டிலும் அப்படியே. களியைக் கிண்டியபடியே வாசலைப் பார்ப்பாள், வாசலைக் கூட்டியபடியே அடுப்பைப் பார்ப்பாள். நாலாம் வகுப்பில் அவளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார், இந்தப் பிள்ளையை மணி அடிக்கிற வேலைக்கு விட்டால் ஒழுங்காகச் செய்யும் என்றாராம்.

அவள் உட்காருகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. ஊருக்கு மேலே இருக்கிற பெரியசாமி சோலை. திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே போவாள். நாவல் மரத்து வேர் ஒன்று முழங்கால் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதில் உட்கார்ந்தால் ஒரு நாழிகை அசையமாட்டாள். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, வந்திருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு நாழிகைதான் வாரம் முழுவதும் அவளை ஓட வைத்தது.

அந்தச் சோலைக்குச் சட்டம் உண்டு. செருப்போடு போகக் கூடாது. உள்ளே விழுந்த சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. பலாப்பழம் அழுகினாலும் அங்கேயே அழுக வேண்டும். ஆடு வழிதவறி உள்ளே போனால் அது தானாக வந்தால்தான் உண்டு. அத்தாயியின் மாமனார் புது அரிவாள் ஒன்றை அங்கே தவறவிட்டுவிட்டு, கண்ணெதிரே கிடந்ததைத் தொடாமல் வீட்டுக்கு வந்தவர். உள்ளே போன பொருள் சாமியின் பொருள். யாரும் காவல் இல்லை. காவல் தேவையும் இல்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மகளிர் குழு வந்தபோது அத்தாயியைத்தான் தலைவி ஆக்கினார்கள். உட்காராதவள்தானே, எல்லார் வேலைக்கும் அவளே கீழே போய்வரட்டும் என்று. அந்த மலையில் கரண்ட் கம்பி மேல் ஒரு கிளை ஒடிந்து விழுந்தால் மூன்று நாளைக்கு இருட்டு. மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி வரும். அதனால் குழுவில் எல்லாரும் சேர்ந்து எமர்ஜென்சி லைட் வாங்கினார்கள். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜாபர் உசேன் பாய் கடை. வெள்ளைப் பெட்டி, சிவப்புக் கைப்பிடி, உள்ளே இரண்டு குழல் விளக்கு, அடியில் ஒரு பேட்டரி. ஆறு மாதத்துக்குள் பழுதானால் மாற்றிக் கொடுப்போம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வருஷத்தில் எட்டு ஊரில் அந்த லைட் எரிந்தது.

எரிந்தது என்றா சொன்னேன்? இரண்டு மாதம் எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. "ஏனுங்க அத்தாயக்கா, உங்க லைட்டு கண்ணை மூடிக்கிச்சுங்க" என்று விடியும் முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். லைட் கொடுத்தது கம்பெனி. ஆனால் ஊரில் அது அத்தாயியின் லைட்டாகிவிட்டது. அவள் பழுதானதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கீழே கொண்டுபோவாள். புதியதை மேலே கொண்டுவருவாள். மறுபடி பழுது, மறுபடி சாக்கு.

ஒருநாள் கண்டக்டர் மணிவண்ணன் படியிலேயே மறித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க ஏறுங்க. மூட்டை ஏறாது."

"ஏன் சாமி, மூட்டை உன்னை என்ன பண்ணுச்சு?"

"என்னையப் பண்ணலை. போன வாரம் உங்க சாக்குல இருந்து ஆசிட் ஒழுகி, ஒரு அம்மா சேலை எலி கடிச்சாப்ல ஓட்டை ஓட்டையாப் போச்சு. அந்தம்மா என் சட்டையைப் புடிச்சுக்கிச்சு."

"சேலையை ஓட்டை போட்டது நானா? லைட்டுங்க."

"லைட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தது நீங்கதானுங்களே!"

பஸ்ஸே சிரித்தது. அத்தாயி மூட்டையை டீக்கடையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு கீழே போனாள். ஜாபர் உசேனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சுங்கம்மா. கம்பெனிக்காரங்களே இப்போ முறையை மாத்திட்டாங்க. பெட்டிக்குப் பின்னாடி நம்பர் போட்ட தகடு ஒட்டியிருக்குதுங்களே, அதை மட்டும் உரிச்சுட்டு வாங்க. ஒரு தகட்டுக்கு ஒரு புது லைட்டு. பழசை ஒடைச்சு அங்கேயே போட்டுரச் சொல்றாங்க."

"ஒடைக்கோணுமாங்க?"

"ஆமாங்க. இல்லாட்டி யாராச்சும் சரி பண்ணி வித்துருவாங்களாமா."

"எங்க பாய் போடறது?"

"அத்தனை பெரிய மலை. ஒரு மூலை கிடைக்காதுங்களா?" என்று சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஐந்து வேளை தொழுகிற மனிதர். அவருக்கும் அந்தப் பழுதான பெட்டிகள் கடையில் கால் வைக்க இடமில்லாமல் அடைத்துக் கிடந்தன.

அத்தாயி சொன்னபடி செய்தாள். தகட்டை உரித்தாள். கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு லைட்டாக உடைத்தாள். பேட்டரியும் பிளந்தது. உடைத்ததை வீட்டுக்குப் பின்னால் குவித்தாள். ஆனால் ஊரில் எதுவும் குப்பையாகக் கிடக்காது. ஒருத்தி வெள்ளைப் பெட்டியை உப்பு போட்டு வைக்க எடுத்துப்போனாள். ஒருவர் சிவப்புக் கைப்பிடியைக் கதவுக்கு வைத்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயியின் மருமகள் சுமித்ரா, தன் கைக்குழந்தையை இறக்கிவிட்டுத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து பேட்டரிக்குள் இருந்த சாம்பல் நிறத் தகடு ஒன்றை வாயில் வைத்தது. அத்தாயி பாய்ந்து பிடுங்கினாள். குழந்தையின் உதட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி, குழந்தை வீறிட்டு அழுத பின்பும் கழுவினாள்.

அன்றைக்கு முழுவதும் அதே யோசனை. இதை எங்கே வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்? எந்த மூலையில் போட்டாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். யாருமே எதையும் எடுக்காத இடம் என்று ஒன்று அவள் கண் முன்னால், ஊருக்கு மேலே பச்சையாக நின்றது.

திங்கட்கிழமை குளித்தாள். கூடையில் அடுக்கி, தலையில் வைத்து, வெறுங்காலோடு ஏறினாள். நாவல் மரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பள்ளம். அதில் இறக்கினாள். "சாமி, பிள்ளைங்க கையில படாம நீயே பாத்துக்க" என்று கும்பிட்டாள். அதன்பிறகு பழுது வந்தபோதெல்லாம் அங்கேதான் போனது. ஒரு வருஷத்தில் அறுபத்து நாலு லைட்.

சோலைக்குக் கீழே பாறை இடுக்கில் ஊற்று. ஊர் குடிப்பது அந்தத் தண்ணீர். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் சாமி பார்த்துக்கொள்ளும் இடத்தில் வைத்ததைப் பற்றி யார் மறுபடி யோசிப்பார்கள்?

ஐப்பசியில் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் அடித்தது. மழை விட்ட காலையில் சுமித்ரா ஊற்றுக்குக் குடத்தோடு போய், குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஊற்று வாயில் கம்பளம் மாதிரி படர்ந்திருந்த பாசி சுட்டதுபோல் வெளுத்திருந்தது. ஊற்று நிறைக்கிற தொட்டித் தண்ணீரில் நண்டுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. பெரிதும் சிறிதுமாக ஒரு முறம் நண்டு.

ஊர் கூடிப் பார்த்தது. "சாமி கோவிச்சுக்கிச்சு" என்று ஒரு குரல் எழுந்தது. அப்புறம் எல்லாக் குரலும் அதுவே. யாரோ தீட்டுப்படுத்திவிட்டார்கள். யார்? பாப்பாயிதான் தன் மருமகளைப் பார்த்தாள்.

"கீழ்நாட்டுல இருந்து வந்தவ. ஊட்டுக்குள்ளேயே செருப்புப் போடறவ. சோலை ஓரமா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனவளும் இவதான்."

"நான் உள்ளாற போகலைங்க அத்தை! ஓரமாத்தான் போனேன், அதுவும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு" என்றாள் சுமித்ரா. யாரும் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசாரி அர்த்தனாரி வந்து விசாரிப்பார் என்று முடிவானது. அதுவரை கீழ் ஓடையில் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள்.

அத்தாயி மேலே ஏறினாள். பள்ளத்தைப் பார்த்தாள். பெட்டிகளுக்கு அடியில் மண் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் பெரணிச் செடிகள் கருகியிருந்தன. மழைத் தண்ணீர் பள்ளத்தை நிறைத்து, ஒரு பக்கமாக உடைத்துக்கொண்டு, கோடு கிழித்தாற்போல் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே நடந்தாள். அது நேராக ஊற்றுக்குப் போனது.

அன்றைக்குத் திங்கட்கிழமைதான். வேரில் உட்காரப் போனாள். முடியவில்லை. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எழுந்துவிட்டாள்.

செம்மேட்டுக்கு நடந்துபோய் டெலிபோன் பூத்தில் ஜாபர் உசேன் கடைக்குப் பேசினாள்.

"பாய், அந்த ஆசிட்டு மண்ணுல எறங்குனா என்னங்க ஆகும்?"

அந்தப் பக்கம் ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"எங்க ஊட்டுக்காரி நஜிமா ஒரு கறிவேப்பிலை மரம் வளத்தா. பேட்டரி கழுவின தண்ணியை நாந்தான் அதுக்கடியில ஊத்திட்டேன். மரம் போச்சு. அந்த எடத்துல இன்னைக்கு வரைக்கும் புல்லு மொளைக்கலை. நஜிமா இன்னமும் சொல்லிக் காட்டுவா."

"இதை ஏனுங்க அன்னைக்கே எனக்குச் சொல்லலை?"

"எனக்குத் தோணலைம்மா. அல்லா அறிய, தோணலை. நீங்க எங்க போட்டீங்க?"

"ஊத்துக்கு மேல."

"யா அல்லா."

பிறகு அவர் வேகமாகப் பேசினார். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். தானே வண்டியோடு வருவதாகச் சொன்னார். சேலத்தில் ஈயம் உருக்குகிறவரிடம் சேர்த்துவிடுவாராம். பள்ளத்தில் சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். "கையில துணி சுத்திக்கங்க. அடியில இருக்கற மண்ணையும் சொரண்டி எடுத்துருங்க. விசம் மண்ணுலதான் தங்கும்."

"எடுக்கறதுங்களா?" என்றாள் அத்தாயி. "அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாதுங்க பாய்."



ஞாயிற்றுக்கிழமை சோலை வாசலில் ஊர் உட்கார்ந்தது. சுமித்ராவை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அர்த்தனாரி திருநீற்றுத் தட்டை எடுத்தபோது அத்தாயி, எப்போதும்போல் நின்றபடியே, பேசினாள்.

"செருப்பு இல்லீங்க. அது என்னோட லைட்டுங்க."

சொல்லி முடிக்க நேரமானது. கேட்டவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாப்பாயி வாயில் கைவைத்தாள். அத்தாயியின் கணவன் ராசு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் இப்போதுதான் தெரியும்.

"சாமிகிட்டக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினியா?" என்றார் அர்த்தனாரி.

"குப்பைன்னு கொட்டலீங்க. காவலுக்கு வச்சேன்."

பூசாரி நல்ல மனிதர். அவர் கோபம் சீக்கிரம் தணிந்தது. திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "சரி. தெரியாம வெளிய இருந்து வந்த சாமானம், வெளிய போகட்டும். ஒரு கெடா வெட்டிச் சாமிகிட்டக் கேட்டுக்குவோம். பெட்டியை எடுத்துக்க."

"மண்ணுங்க?"

"என்ன மண்ணு?"

"அடியில இருக்கற மண்ணுங்க. அதுலதான் விசம் எறங்கியிருக்குது. அதையும் எடுக்கோணும்."

கூட்டத்தில் சலசலப்பு. அர்த்தனாரி எழுந்தே விட்டார். "மண்ணு சாமியோடதும்மா. நீ கொண்டாந்து வச்சது இல்லை. ஒரு புடி வெளிய வரக் கூடாது. எல்லாத்தையும் சாமி செரிச்சுக்கும்."

"நண்டுக்குச் செரிக்கலீங்களே."

யாரும் சிரிக்கவில்லை.  அர்த்தனாரி குரலை இறக்கிக்கொண்டார். "அத்தாயி, உன் மனசு எனக்குத் தெரியும். ஆனா முறை எனக்கு முன்னாடி இருந்தே இருக்குது. மண்ணை எடுத்தியானா, அதுக்கப்புறம் உன் கால் சோலைக்குள்ள படக் கூடாது. திங்கக்கெழமையும் கிடையாது, பொங்கலும் கிடையாது. யோசிச்சுக்க."

அத்தாயி நாவல் மரத்தின் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து வேர் தெரியாது. தெரிந்த மாதிரி பார்த்தாள். அப்புறம் சுமித்ராவின் மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள்.

"கடைசியா ஒருவாட்டி கும்புட்டுட்டு எடுத்துக்கறேனுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் போனாள். ராசு கெடாவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியோடு கூடப் போனான். சோலைக்குள் அவள் அவனை விடவில்லை. "நீ வெளிய நில்லு. உனக்காச்சும் உள்ள போற பாத்தியதை இருக்கட்டும்." சுமித்ராவும் வந்தாள், செருப்பில்லாமல். "நீயும் எல்லையைத் தாண்டாத கண்ணு" என்றாள். தான் மட்டும் கையில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாள். முதலில் பெட்டிகள். அப்புறம் மண். வெள்ளைப் பொருக்கு போய்க் கறுப்பு மண் தெரிகிறவரை, பழைய மண் வாசம் வருகிறவரை முழங்கை ஆழத்துக்குச் சுரண்டினாள். தண்ணீர் இறங்கிய கோட்டையும் விடவில்லை. கூடையில் அள்ளி எல்லையில் வைப்பாள். ராசு சாக்கில் கொட்டுவான். மாமனார் தவறவிட்ட அரிவாள் துருப்பிடித்து ஒரு வேரடியில் கிடந்தது. அதைத் தொடாமல் சுற்றிப் போனாள். பள்ளத்தில் சுண்ணாம்பைக் கொட்டி மூடியபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. துணியை மீறி விரல்கள் வெந்திருந்தன.

மண் ஐந்து சாக்கு. வெளியே வரும்போது திரும்பி நின்று கும்பிட்டாள். "சாமி, உன்னோடதை எடுத்துக்கிட்டுப் போறேன். மன்னிச்சுக்க."

ஜாபர் உசேன் வண்டியோடு வந்தார். அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, உடைந்த லைட் சாக்குகளை முதலில் ஏற்றினார். அத்தாயி வீட்டில், ஊற்று கெட்ட பிறகு பழுதென்று வந்த இரண்டு லைட் உடைக்காமல் இருந்தன. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஸ்விட்ச் ஓரம் கறுப்பாக இருந்தது. திருப்புளியால் கழற்றி, ஸ்விட்சைச் சட்டை நுனியால் துடைத்து, அமுக்கினார். லைட் பளிச்சென்று எரிந்தது.

"இது எங்க இருந்துச்சுங்க?"

"எல்லார் ஊட்டுலயும் அட்டாலியிலதானுங்க. அடுப்புக்கு நேர் மேல. மூடுபனிக்கு மொளகா, வெதைக் கேழ்வரகு எல்லாம் அங்கதான் வைப்போம். ஈரம் அண்டாதுன்னு லைட்டையும் வச்சோம்."

"கரிங்கம்மா. அடுப்புக் கரி ஸ்விட்சுல ஏறியிருக்குது. லைட்டுக்கு ஒண்ணும் ஆகலை." அவர் வண்டியில் இருந்த சாக்குகளைப் பார்த்தார். "அப்போ இதுல எத்தனையோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வேட்டியில் கையைத் துடைத்தார்.

மண் சாக்குகளிடம் வந்தபோது தயங்கினார். "இதை நான் எங்கங்கம்மா போடறது? சேலத்துக்காரர் ஈயத்தைத்தான் எடுப்பார். வேணுமானா வழியில அடிவாரத்துல ஏதாச்சும் பள்ளம் பாத்து..."

"வேண்டாங்க பாய்" என்றாள் அத்தாயி. "அதுக்குக் கீழயும் யாராச்சும் தண்ணி குடிப்பாங்க."

அவர் தலையசைத்தார். வண்டி இறங்கிப் போனது.

மண் அத்தாயியின் வீட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ராசு கல்லடுக்கி மேடை போட்டான். ஜாபர் உசேன் அடுத்த வாரம் மூடி போட்ட பிளாஸ்டிக் பேரல் மூன்று அனுப்பினார். மண்ணை அதில் அடைத்து, மேலே தகரம் வேய்ந்தார்கள். பஞ்சாயத்து ஆபீசில் கேட்டாள். எழுதிக்கொண்டார்கள். விவசாய ஆபீசர் வந்தபோது கேட்டாள். அவர் பேரலைத் திறந்து பார்த்து, மூடி, அவரும் எழுதிக்கொண்டார். கம்பெனி ஆள் ஒருவர் புது லைட் விற்க வந்தார். "இந்த மண்ணை எங்கீங்க போடறது?" என்று அவரிடமும் கேட்டாள். எங்கள் கம்பெனி மண் விற்பதில்லையே என்று அவர் சிரித்தார். அன்று அவருக்கு அந்த வீட்டில் காபி கிடைக்கவில்லை.

லைட்டுகளை இப்போது அடுப்பறையில் யாரும் வைப்பதில்லை. பழுதென்று யார் வந்தாலும் அத்தாயியே கழற்றி ஸ்விட்சைத் துடைத்துக் கொடுக்கிறாள். முக்கால்வாசி எரிந்துவிடும். ஊற்றுத் தண்ணீரை ஒரு வருஷம் மாட்டுக்குக்கூடக் காட்டவில்லை. இரண்டாம் வருஷம் மழை முடிந்து, சுமித்ரா உள்ளங்கையில் கட்டைவிரல் நகமளவு நண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அது பக்கவாட்டில் ஓடப் பார்த்தது. அத்தாயி குனிந்து பார்த்தாள். "கொண்டுபோய் அங்கேயே விட்டுரு கண்ணு" என்றாள். 

திங்கட்கிழமை காலையில் இன்னமும் குளித்துவிட்டு ஏறுகிறாள். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "சாமி, வந்திருக்கேன்" என்கிறாள். அர்த்தனாரி அந்த வழியாகப் போனால் பார்க்காததுபோல் போய்விடுவார். ஒருமுறை பிரசாதத்தை இலையில் மடித்து அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் ஒரு மத்தியானம். சுமித்ரா வீட்டில் எல்லாரும் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தாயியையும் வலுக்கட்டாயமாக உட்கார வைத்திருந்தார்கள். கூரை மேல் முதல் தூறல் விழுந்தது. அத்தாயியின் கை தட்டிலேயே நின்றது.

"உக்காந்து சாப்புடுங்க பெரியம்மா. தகரமெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றாள் சுமித்ரா.

"வாரேன் கண்ணு. ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

போனாள். தகரத்தின் மேலிருந்த கல்லை நகர்த்தி வைத்தாள். மூன்று மூடியையும் அமுக்கிப் பார்த்தாள். அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. மழை வலுத்தது. தகரத்தின் ஓரத்தைக் காற்று தூக்கப் பார்த்தது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை அங்கேயே நின்றாள்.